குடைத் தவளைக்கு ஒன்றரை மார்க்

குடை பிடித்த தவளை மூன்றாவது முறையாக ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் குளத்தைத் தாண்டியது. பாண்டியராஜ் கன்ட்ரோலரைப் பார்க்காமலே பட்டன்களைத் தட்டிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு கேமா?" என்றான்.

பாயில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அவன் எதையாவது ஏளனம் செய்தால் சிரித்துவிடுவது அங்கே பழக்கம்.

பேகம்பூரில் சௌகத் அலியின் செருப்புக் கடை மாடியில் ஞாயிறு மதியம் கூடும் குழு அது. முப்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம்களை ஆடிப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவார்கள். மார்க் போடுவது பாண்டியராஜ் மட்டும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

புதிதாகச் சேர வருகிறவர் ஒரு கேம் கொண்டுவர வேண்டும். ஐந்துக்குக் கீழே மார்க் விழுந்தால் கேமோடு ஆளும் படியிறங்க வேண்டியதுதான். போன மாதம் கன்னிவாடியிலிருந்து வந்த ஒரு வாத்தியார், ஊற்றிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் அப்படித்தான் இறங்கிப் போனார்.

இன்று பர்ஹானாவின் முறை. கொடைரோட்டில் அவள் வீட்டு எல்.இ.டி. டிவியில் பழைய கேம் போட்டால், பட்டன் அமுக்கி அரை நொடி கழித்துத்தான் தவளை குதிக்கும். அதற்குள் குளத்தில் விழுந்து செத்திருக்கும். பிக்சர் ட்யூப் டிவி ஒன்று இந்த மாடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு வருடமாக ஆட முடியாத கேசட்டைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

வழக்கமாக, கேசட்டை ஊதிச் சொருகி, எல்லாவற்றையும் தயார் செய்து, கன்ட்ரோலரைப் பாண்டியராஜ் கையில் கொடுப்பது ஃபாரிஸின் வேலை. ஆட்டத்தைத் தவிர வேறெதற்கும் தன் விரல் நகராது என்பதில் பாண்டியராஜுக்கு ஒரு பெருமை. ஃபாரிஸ் தன் மச்சானின் கல்யாணத்துக்குக் கோவை போயிருந்ததால், இன்று பர்ஹானாவே கேசட்டைச் சொருகினாள்.

அந்த நேரத்தில் பாண்டியராஜ், பெண்கள் தேர்ந்தெடுக்கும் கேம்களைப் பற்றிச் சிறு உரை ஒன்று நிகழ்த்திக்கொண்டிருந்தான். முடித்துவிட்டுத் திரும்பியபோது திரையில் குளமும் தவளையும் வந்திருந்தன. கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

"அண்ணே, செத்த நேரம் இருங்க," என்றாள் பர்ஹானா. "கீழ எழுத்து மின்னுதுல்ல, அது..."

"ஜப்பான் எழுத்து. கம்பெனி பேரு," என்றான் அவன். "இருபது வருசமா இதத்தான் பாக்குறேன். எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்."

தவளை டிங், டிங் என்று தாமரை இலை விட்டு இலை தாவியது. நாரை கொத்த வந்தபோது சரியான நொடியில் குடையை விரித்தது. பாயிலிருந்த முகேஷ்குமார், அண்ணன் கைக்கு இன்ஷூரன்ஸ் போட்டு வைக்கலாம் என்றான். பாண்டியராஜ் அதைக் காதில் வாங்காதவன்போல் உதட்டைச் சுழித்தான்.

திரை ஒரு கணம் இருண்டு, மறுபடி அதே குளக்கரை வந்தது.

"பாத்தீங்களா, திரும்ப அதே குளம், அதே நாரை. செஞ்சவனுக்கு வேற ஒண்ணும் யோசிக்கத் தெரியல."

"உன் ஆட்டத்தப் பாத்து ரெண்டாவது ஸ்டேஜு ஓடிப்போச்சோ என்னமோ, அப்பு," என்றார் சௌகத் அலி.

பாண்டியராஜ் குற்றங்களை அடுக்கினான். சவால் என்பதே கிடையாது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் தவளை சரியாகக் குதிக்கிறது. தப்பாக அமுக்கினாலும் சரியாகவே குதிக்கிறது. குழந்தைக்குச் சோறூட்டும்போது காட்டலாம், மனுசன் உட்கார்ந்து ஆட முடியாது.

பர்ஹானா மடியிலிருந்த துப்பட்டாவை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் ஒரு தடவ ஆடிக்கிறேண்ணே. இந்த டிவில ஆடத்தான் அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தேன்."

"மார்க்கு அஞ்சு வந்தா ஆடு."

அவன் கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டைத் திறந்தான். பேனாவை உதறி நிதானமாக எழுதினான். எழுதியதை வாசித்தும் காட்டினான். ஒன்றரை. குடைக்கு அரை, கொடைரோட்டிலிருந்து ரயிலேறி வந்ததற்கு ஒன்று.

"கேசட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பு, தங்கச்சி," என்றான். "ஆடத் தெரிஞ்சவங்க ஒக்காருற எடம் இது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான்கு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் தோளுக்கு மேலாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தாமரை இலைகளின் மேல் டிங், டிங் என்று சத்தம் கேட்டபடி இருந்தது.

பர்ஹானா கன்ட்ரோலரைப் பாயிலிருந்து எடுத்து, அவன் நோட்டின் மேல், அந்த ஒன்றரையை மறைத்து வைத்தாள்.

"ஸ்டார்ட்ட அமுக்குங்கண்ணே, இம்புட்டு நேரமும் தவளை தானாத்தான் ஆடுச்சு."