நீல மூடிப் போத்தல்

சூட்கேசுக்குள் செபமாலைக்குப் பக்கத்தில் ஒரு நீச்சலுடுப்பு கிடந்தது.

ஸ்ரான்லி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். லூர்து மாதாவிடம் போகிற பெட்டிக்குள் இதென்ன கோலம்? அதுவும் நிறம் வெளிறிய உடுப்பு. பழைய சாமான் கடையில் யாரோ கழித்ததைப் பொறுக்கியிருக்க வேண்டும்.

"அக்கா, இதென்ன?"

"குளிக்கிற உடுப்பு," என்றாள் சுஜாந்தினி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "பின்ன, கடலுக்குள்ள சீலையோடயோ இறங்கிறது?"

"லூர்தில ஏது கடல்?"

"நான் லூர்துக்கு வரேல்லை. ரெண்டு மணிக்கு பிலுண்டில எனக்கு பிளேன். நீஸில இறங்கி, அங்கயிருந்து ரெயினில கரையோரமா ஊர் ஊரா இத்தாலி மட்டும் போறன்."

அவளைக் காரில் ஏற்றி, ஹேர்னிங் கோயிலடியில் நிற்கும் யாத்திரை பஸ்ஸில் விடத்தான் அவன் காலையிலேயே இக்காஸ்ட்டில் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். பெயர் கொடுத்து இடம் பிடித்தவனும் அவன்தான். அக்காவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

"ஆரோட போறியள்?"

"என்னோட."

"நாற்பத்தைஞ்சு வயசு, கலியாணமும் கட்டேல்லை. தனியக் கடற்கரைக்குப் போனால் சனம் என்ன கதைக்கும்?"

"பன்னிரண்டு தரம் அந்த பஸ்ஸில வந்தனான். பன்னிரண்டு தரமும் சனம் என்னைப்பற்றித்தானே கதைச்சது? அதுவும் மைக்கில!"

அதில் பொய்யில்லை. லூர்து வரைக்கும் வழிநெடுகச் செபமாலை சொல்வார்கள். மாலையின் ஒவ்வொரு பத்து மணியும் ஒவ்வொரு வேண்டுதலுக்காக. முதலாவது நோயாளிகளுக்கு, இரண்டாவது ஊருக்கு. மூன்றாவது, வருடம் தவறாமல், சுஜாந்தினிக்கு நல்ல மாப்பிள்ளை கிடைக்க. ஐம்பது பேர் உரத்துச் சொல்ல, அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வருசம் முழுக்க முதியோர் இல்லத்தில ஆக்களைத் தூக்கிக் குளிப்பாட்டிறன், தம்பி. கிடைக்கிற லீவிலயும் என்ர குறையை நானே இருந்து கேக்கோணுமோ?"

"அது உங்கட நன்மைக்குத்தானே அக்கா!"

"என்ர நன்மை எனக்குத் தெரியும். நீஸில மணலில்லை, எல்லாம் உருண்டைக் கல்லு. காலமை தண்ணி குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். மொந்தோன் எண்டு ஒரு ஊர், தெருவெல்லாம் தேசிக்காய் வாசம். அங்க ஒருத்தரும் என்னட்ட 'இன்னும் சரிவரேல்லையோ' எண்டு கேக்கமாட்டினம்."

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அக்கா கெட்டுப்போனாள் என்று ஸ்ரான்லி பல்லைக் கடித்தான்.

"நான் விடமாட்டன்."

"உன்னட்ட நான் கேக்கேல்லை. இந்தமுறை சொல்லிப்போட்டுப் போறன், அவ்வளவுதான்."

போன் அடித்தது. பஸ்ஸுக்குப் பொறுப்பான செல்வரட்ணம். "தம்பி, எங்க நிக்கிறியள்? எல்லாரும் ஏறியாச்சு. அக்காதான் மிச்சம்."

"இந்தா, வந்துகொண்டிருக்கிறம் அண்ணை," என்று வாய் கூசாமல் புளுகிவிட்டு, ஸ்ரான்லி கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

ஜக்கெற் பைக்குள்ளிருந்து ஒரு வெறும் போத்தல் வெளியே வந்தது. மாதா உருவத்தில் பிளாஸ்டிக் போத்தல், தலையில் கிரீடம்போல நீல மூடி. அம்மா உயிரோடிருந்தபோது, மாதா ஊற்றின் புனிதத் தண்ணீர் பிடிக்க லூர்தில் வாங்கியது.

கொரோனாவால் பஸ் ஓடாத வருடம், அக்கா இந்தப் போத்தலோடு தனியாகப் பிளேனில் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். ஆறு வருடம் பிள்ளையில்லாமல் வாடிய அவன் மனைவி நிலக்சி, அந்தத் தண்ணீரை ஒன்பது நாள் ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். அழுதழுது குடித்ததில், கண்ணீர் கலந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது என்றாள். அடுத்த வருடம் கிளோறியா பிறந்தாள்.

மாதா செய்த அந்தப் புதுமையை ஸ்ரான்லி சொல்லாத தமிழ் வீடு ஹேர்னிங்கில் இல்லை. கோயிலில் எழுந்து நின்று சாட்சியும் சொல்லியிருந்தான்.

"அக்கா," என்றான். இப்போது குரலில் அதிகாரம் இல்லை. "இன்னொரு பிள்ளைக்கு நிலக்சி ஏங்கிறாள். டொக்ரர் இனிக் கஷ்டம் எண்டிட்டார். அதே தண்ணி வேணுமாம், அதுவும் உங்கட கையாலதான் வேணுமாம். இரவிரவா அழுகிறாள். என்னை விடுங்கோ, அவளுக்காக ஒருக்காப் போங்கோ."

சுஜாந்தினி கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் இளகிவிட்டது. வென்றுவிட்டோம் என்று ஸ்ரான்லி கார்த் திறப்பைக் கையில் எடுத்தான்.

அவள் எழுந்தாள். செபமாலையையும் நீச்சலுடுப்பையும் சேர்த்து வைத்தே பெட்டியைப் பூட்டினாள்.

"நிலக்சிக்குத் தண்ணி கொண்டுவந்து தாறன். பஸ்ஸில மட்டும் ஏறமாட்டன். செல்வரட்ணம் அண்ணையை வெளிக்கிடச் சொல்லு."

"விசரோ உங்களுக்கு? லூர்துக்குப் போகாமல் அதே தண்ணி எங்கயிருந்து வரும்?"

சுஜாந்தினி கையை நீட்டினாள்.

"போத்தலைத் தா. போனமுறையும் நீஸ் கடலிலதான் அள்ளினனான்."