ரெட்டை ட்ரிகர்

"ஏலே ஜோஸ்வின், போனைக் கீழ வை! கையை மேல தூக்கு!"

சகாயவினோத் போட்ட சத்தத்தில், பாம்பன் சமூகக்கூடத்தில், துப்பாக்கிச் சண்டை கேம் போட்டிக்காகப் போனுக்குள் தலையைக் கொடுத்திருந்த அறுபது பேரும் நிமிர்ந்தார்கள்.

ஜோஸ்வின் கையைத் தூக்கினான். அவன் போனின் மேல் விளிம்பில், துணி கிளிப் போல இரண்டு குட்டிப் பொத்தான்கள் கவ்விக்கொண்டிருந்தன. ட்ரிகர். மற்றவர்கள் திரையில் விரலால் தட்டித் தட்டிச் சுடவேண்டும். இதை வைத்திருப்பவன் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், குண்டு மழைதான்.

"ஒண்ணு இல்லப்பா, ரெட்டை ட்ரிகர்!" சகாயவினோத் அதைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எரியாதா பின்னே? தீவு முழுக்க ஆள் திரட்டி இந்தப் போட்டியை நடத்துபவன் அவன்தான். சுவரில் தொங்கும் ஃப்ளெக்ஸில் உள்ள விதியும் அவன் எழுதியதுதான். "விரல் மட்டுமே ஆயுதம். வெளிக் கருவி வைத்தால் ஒரு வருடத் தடை." அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், "கோப்பை உபயம்: சந்தனம் விசைப்படகு." சந்தனம், அவனைப் பெற்ற அய்யா.

"தப்புத்தான் அண்ணே," என்றான் ஜோஸ்வின். "வலையிலருந்து கழட்டையில நண்டு கடிச்சிருச்சு. விரலை மடக்க முடியல. இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதானேன்னு..."

அந்த ஒரு ரவுண்டு ஜெயித்தால் மதுரை கேமிங் டீமில் இடம். மாதச் சம்பளம், தங்க இடம். ஜோஸ்வின் இனி நண்டுக் கடி வாங்க வேண்டியதில்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"விரல் முடியலைன்னா வீட்ல கிட. மத்தவன் எல்லாம் என்ன, கேனப்பயலா?"

சகாயவினோத் அதோடு விடவில்லை. தன் போனை மேடையில் இருந்த பெரிய திரையோடு இணைத்து, ஜோஸ்வின் ஆடிய கடைசி ஆட்டத்தின் ரீப்ளேயை ஓடவிட்டான்.

"பாருங்கப்பா, எம்புட்டு வேகம்னு! இதெல்லாம் மனுசன் விரலா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. மைக்கைக் கையில் எடுத்தான்.

"இவனைச் சொல்லிக் குத்தமில்ல. இவங்க அய்யா நாட்டுப்படகுல போயி நெதம் வெறும் வலையோட வாராரு. கேட்டா கடல்ல மீனில்லையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவருக்கு மீன் பிடிக்கத் தெரியல, பிள்ளைக்கு கேம் ஆடத் தெரியல. அதான் குறுக்கு வழி!"

அதுவரை குனிந்திருந்த ஜோஸ்வின் நிமிர்ந்தான்.

"என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. எங்க அய்யாவைப் பேசாதீக. ரெண்டு விசைப்படகு சோடி சேந்து, நடுவுல ரெட்டைமடி வலையைக் கட்டி இழுத்து, குஞ்சு குறுமான் வரைக்கும் அரிச்சிட்டுப் போறானுக. கவர்மெண்டு தடை பண்ண வலை. அப்புறம் எங்க வள்ளத்துக்கு என்ன மிஞ்சும்?"

கூட்டத்தில் பாதி, நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சகாயவினோத் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். ஆனாலும் மைக் கையில் இருக்கும்போது யார்தான் வாயை மூடுவார்கள்?

"கடல் கதையைக் கரையில போயிப் பேசு. இங்கன நியாயம் மட்டும்தான். எல்லாருக்கும் ஒரே கருவி! அடுத்தவன் கையில இல்லாததை வச்சுக்கிட்டு ஜெயிச்சா, அதுக்குப் பேரு ஜெயிப்பு இல்ல, திருட்டு. தடைன்னா தடைதான். அது யாரா இருந்தாலும் சரி!"

பலமான கைதட்டல்.

"ஒரு வருசம் நீ எங்கயும் ஆடக்கூடாது. கெளம்பு!"

ஜோஸ்வின் வீங்கிய விரலை மடக்காமல் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். ஒரு திருடனை விரட்டிய திருப்தியோடு சகாயவினோத் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

'டிங்' என்று ஒரு சத்தம்.

ரீப்ளே ஓடிக்கொண்டிருந்த பெரிய திரையின் உச்சியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர், 'அய்யா'.

"நாளைக்கு நம்ம போட்டும் மாமா போட்டும் சோடி. ரெட்டைமடிதான். ரோந்து போட் எங்கன நிக்குதுன்னு படகுத்துறையில போயிப் பாத்துச் சொல்லு, வழக்கம்போல."

அறுபது பேரும் வாசித்தார்கள். சிலர் வாய்விட்டே வாசித்தார்கள். 'வழக்கம்போல' என்பதை மட்டும் ஒருவன் இரண்டு தடவை வாசித்தான்.

சகாயவினோத் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். ஒயர் ஏது? எல்லாம் வைஃபை. போனை அணைக்கப் பார்த்தான். பதற்றத்தில் விரல் வேறெங்கோ பட்டது. அதற்குள் அடுத்த 'டிங்'.

"ஏலே, பாத்தியா இல்லியா?"

சகாயவினோத் கையில் இருந்த ட்ரிகரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

வாசல்வரை போய்விட்ட ஜோஸ்வின் திரும்பித் திரையைப் பார்த்தான். பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தான். ரொம்ப மரியாதையாகவே கேட்டான்.

"அண்ணே, இதுக்கு எத்தனை வருசம்?"