சின்னுசாமிக்கு வெயில் ஆகாது

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மலைமேல் அரியூர் நாட்டு வீட்டு வாசலில் இருந்தவர்கள் மூன்றே பேர்: குடும்பத்துக்கு மூத்தவர் அர்த்தனாரி, அவர் மனைவி அத்தாயி, அத்தாயிக்கு அண்ணன் முறையான ராசப்பன். நான்காவதாக ஒரு குரல் மட்டும் இருந்தது. சென்னையிலிருந்து அர்த்தனாரியின் தம்பி மகன் இளங்கோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அர்த்தனாரிக்குக் காது மந்தம்; ஸ்பீக்கர் போடாமல் அவரிடம் போன் பேச முடியாது.

"நாப்பத்திரண்டு டிகிரிங்க பெரியப்பா. ரோட்டுல தார் உருகுது."

"உங்கப்பனுக்கு வெயில் ஆகாதுன்னு தெரியுமில்ல? சன்னலுக்கு ஈரத் துணி கட்டினியா?"

"கட்டியாச்சுங்க. மொட்டை மாடிக்குப் போன வாரமே சுண்ணாம்பு அடிச்சாச்சு. மீன் மார்க்கெட்டுல ரெண்டு பாளம் ஐஸ் வாங்கி, அண்டாவுல போட்டு டேபிள் ஃபேனுக்கு முன்னால வச்சிருக்கேன். ஏசி பதினாறுல ஓடுதுங்க."

ராசப்பன் போனுக்கருகே வாயைக் கொண்டுபோனார். "ஏங் கண்ணு, நீங்கெல்லாம் எங்க படுக்கறீங்க?"

"ஹால்லதாங்க மாமா. நாலு பேரும். வேர்த்து ஊத்துதுங்க."

"அட, உள்ள நம்ம மலைக் குளிரு. நீங்க வெளிய கெடந்து வேவறீங்களா? அப்பங் காலடியில ஆளுக்கொரு பாயப் போட்டாப் போச்சு!"

"நோவாளி ரூம்புல கூட்டம் எதுக்கு?" என்று அர்த்தனாரி போனை அணைத்தார்.

ராசப்பன் சும்மா வந்தவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மாரியாயி நோம்பி, ஊர்த் திருவிழா. அம்மன் சந்நிதியில் முதல் பரிவட்டம் ஏழு தலைமுறையாக அர்த்தனாரி வகையறாவின் தலையில்தான் ஏறி வருகிறது.

அதற்குள் அந்த வகையறாவில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு. கோயில் எல்லையை மிதிக்க முடியாது. பரிவட்டம் ராசப்பன் வகையறாவுக்குப் போய்விடும். போனது திரும்பி வந்ததாக மலையில் வழக்கமில்லை. தீட்டை மறைத்து மிதித்தவர்களுக்கோ கோயிலே இல்லை.

"ஊருக்குள்ள ஒரு பேச்சுங்க மச்சான்," என்றார் ராசப்பன். "சின்னுசாமி இனித் தேற மாட்டாருன்னு..."

"எவஞ் சொன்னான்? எந் தம்பி வெயிலுக்குச் சொணங்கியிருக்கான், அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம வந்து, எந் தலையில துணி ஏறறத நல்லாப் பாத்துட்டுப் போங்க."

அத்தாயி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் உரித்துக்கொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கு பாதியில் கிடந்தது.

சனிக்கிழமை மாலை மலை மேல் மேகம் கறுத்து இறங்கியது. அந்த வீட்டில் மின்விசிறி கிடையாது; வேண்டியதும் இல்லை. மறுபடியும் போன் வந்தது.

"கரண்டு போயி நாலு மணி நேரமாச்சுங்க பெரியப்பா. ஐஸ் எல்லாம் கரஞ்சு போச்சு. இனித் தாங்காதுங்க."

"தாங்கோணும். இன்னும் ஒரு பொழுதுதான். ஐஸ் லாரியையே புடிச்சாலும் சரி."

"பக்கத்து ஊட்டுல என்னன்னு கேக்கறாங்க."

"வெயில் ஆகலைன்னு சொல்லு."

அத்தாயி வாசற்படியில் நின்றாள். "ஏனுங்க, பாவமுங்க அவன். இங்க கூட்டியாந்துரலாமுங்க."

"நோம்பி முடியட்டும்."

அவள் மருமகளாக வந்தபோது சின்னுசாமிக்கு நாலு வயது. இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பம்பை முழங்கியது. அர்த்தனாரி வளையாமல் நின்றார். பூசாரிதான் எம்பிப் பரிவட்டம் கட்டினார். பின்னால் நின்ற ராசப்பன் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒரு நோம்பிக்கும் கோயிலுக்குப் போகாமல் இருந்திராத அத்தாயி, முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் சின்னுசாமி இறந்த சேதி ஊருக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

"வெயில் அடிச்ச ஒடம்பு. துணிய வெலக்க வேண்டாம். சீக்கிரம் எடுத்துரலாம்," என்றார் அர்த்தனாரி. ஊர் ஒப்புக்கொண்டது. மூத்தவர் பேச்சை அந்த வாசலில் யாரும் தட்டியதில்லை.

மாலையோடு வந்த ராசப்பன், எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார். "ஆத்தா உங்க ஊட்டு மானத்தக் காப்பாத்திட்டாளுங்க மச்சான். நோம்பி முடியற வரைக்கும் அவரு உசுரப் புடிச்சு வச்சிருந்து, நேத்துக் காத்தாலதான் உட்டிருக்கா. ஊரே இதத்தான் பேசுது."

"ஆமாங்க, ஆமாங்க" என்றது கூட்டம். சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அர்த்தனாரி தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தாயி, அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், துணி மூடிய அந்த முகத்தின் மேல் கையை வைத்தாள். பிறகு ராசப்பனை நேராகப் பார்த்தாள்.

"நேத்தில்லீங்கண்ணா. வெள்ளிக்கெழம காத்தால."