நனைந்த கல்

தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியில் வடிந்த சிவப்பு வெயில், கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருப்பதாகக் கல்லில் செதுக்கிய பிரபுவின் மூக்கில்லாத முகத்தில் ஊர்கிறது. ஞாயிறு ஆராதனைக்குப் பூ அடுக்கும் டாஃப்னி, கூப்பிய அந்தக் கைகளில்தான் வழக்கம்போலத் தன் கோட்டை மாட்டியிருக்கிறாள். பக்கத்தில், துணி சுற்றியதாகச் செதுக்கிய கல் குழந்தையின் மேல் கத்தரிக்கோலும் தண்ணீர் சொட்டும் காம்புகளும். ஓக் கதவு முனகுகிறது. போன மாதம்தான் தன் கைக்குழந்தையை வெளியே கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில் புதைத்த ரோவினா. “நீங்க வேலையப் பாருங்க, டாஃப்னி,” என்றபடி நேரே கல் குழந்தையிடம் வருகிறாள். காம்புகளை ஒதுக்குகிறாள், கத்தரிக்கோலை எடுத்து நீட்டுகிறாள், ஸ்வெட்டர் கையால் அதன் நெற்றியைத் துடைக்கிறாள். “பிள்ளை நனைஞ்சு கிடக்கு.” குரலில் கோபமே இல்லை. “ஐயோ, நான்...” என்று டாஃப்னி கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். இத்தனை பெரிய கோயிலில் அந்தக் கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள்.