ஊரே தேடும் கடை

"ஊரே நம்மளைத்தான் தேடுது, மாமா," என்றபடி மைத்துனன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

சோபாக்காரர் கையிலிருந்த பெரிய ஊசியைப் பாதி உறை தைத்த நாற்காலியில் குத்திவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பழைய சோபாவுக்குப் பஞ்சு மாற்றி, ரெக்ஸின் போட்டுக் கொடுக்கும் கடை. பல மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் கையில் ஊசி நிற்குமா?

'சொகுசு சோபா' என்று கடையின் பெயரையும் போன் நம்பரையும் இணையத்தில் ஏற்றிவிட்டதே மைத்துனன்தான். தேடல் தளத்திலிருந்து அவனுக்கு மாதாமாதம் அறிக்கை வரும். தேடியவர் யார் என்று அது சொல்லாது, என்ன எழுதித் தேடினார்கள் என்று மட்டும்தான் சொல்லும். இந்த மாதம் கடையின் பெயரைப் போட்டு எக்கச்சக்கமான தேடல்கள்.

மைத்துனன் ஒவ்வொன்றையும் வாசித்துப் பொழிப்புரையும் சொன்னான். 'சொகுசு சோபா போன் நம்பர்' என்று தேடுகிறவர் ஆர்டர் கொடுக்கத் துடிக்கிறவராம். 'சொகுசு சோபா எப்ப மூடும்' என்று கேட்பவர் ஆபீஸ் விட்டதும் அடித்துப் பிடித்து ஓடிவரப் பார்ப்பவராம். 'சொகுசு சோபா இன்னுமா மூடல' என்றும் ஒன்று இருந்தது. அதுதான் சோபாக்காரரை உறுத்தியது.

"என்ன மாப்ளே, நாம எப்படா மூடுவோம்னு எவனோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு?"

"எங்க மூடிடுவோமோன்னு பயப்படறாங்க, மாமா. அது பாசம்."

சோபாக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் தொழில் தெரிந்தவர், ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இத்தனை பேர் நம்பரைத் தேடி எடுத்தால் அதில் ஒருத்தராவது கூப்பிட்டிருக்க வேண்டாமா? தன் போனில் வருவதெல்லாம் வீட்டுக்காரியின் அழைப்பாகவே இருக்கிறதே என்றார்.

பேச்சு வாயில் இருக்கும்போதே போன் அடித்தது. வீட்டுக்காரிதான். வரும்போது சோப்பு வாங்கி வர வேண்டுமாம். சரியென்று வைத்த சூட்டோடு மறுபடியும் அடித்தது. குளிக்கிற சோப்பு இல்லை, துணி துவைக்கிற சோப்பு என்று சொல்ல மறந்துவிட்டாளாம்.

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "இதான் விஷயம். அக்கா லைனை விட்டாத்தானே மாமா, அடுத்தவன் உள்ள வர முடியும்?"

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் கடையையும் எடுத்து நடுச்சுவரை இடித்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். மைத்துனன் கூட்டாளியாகச் சேர்வதாகச் சொன்னான். சொன்னதோடு நில்லாமல், அங்கேயே உட்கார்ந்து தன் ஆபீஸ் மேனேஜருக்கு ராஜினாமாவைத் தட்டிவிட்டான். இனி அவர் முகத்தில் விழிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில், அவர் தலையில் வைத்திருக்கும் விக்கைப் பற்றியும் மனம் திறந்து நாலு வரி சேர்த்தான்.

இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சோபாக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இனிமேல் இந்த நம்பருக்குத் தொட்டதற்கெல்லாம் கூப்பிடக் கூடாது, உன்னால் வியாபாரமே கெடுகிறது என்று கறாராகச் சொன்னார். ஊர் எப்படியெல்லாம் கடையைத் தேடித் தவிக்கிறது என்பதை மைத்துனன் அறிக்கையைப் பார்த்து ராகம் போட்டு வாசித்தான்.

'இன்னுமா மூடல' வரைக்கும் அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மடித்த துண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க நம்பரை நான் எங்கங்க சேவ் பண்ணேன், ஒவ்வொரு தடவையும் தேடித்தானே கூப்பிடறேன்?"