மறுபடி கேட்காத ஜென்மம்

"போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொல்றியே, எங்கேம்மா போட்டே? இங்க இல்லைன்னுதானே வருது?"

டீம் லீடரின் குரல் கேண்டீன் வரை கேட்டது. இன்று மாலைக்குள் புரோகிராம் கஸ்டமருக்குப் போயாக வேண்டும். அதற்குத் தேவையான ஒரு பகுதியைப் பொது சர்வரில் ஏற்றி வைப்பது எதிரே நின்றவளின் பொறுப்பு.

"காலையிலேயே ஏத்திட்டேன் சார். என் மெஷின்ல ஓடுதே."

"எல்லாரும் சொல்ற வசனம்தான் இது. உடம்பு ஆபீஸ்ல, மனசு வீட்ல. பிள்ளை பெத்தவங்களை வச்சுக்கிட்டு..."

மீதியை நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டார். விழுங்கிய மீதியும் எல்லோருக்கும் கேட்டது.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று திரையைப் படித்தாள்.

"சார், நான் ஏத்தறதுக்கு முன்னாடியே நீங்க ஒரு தடவை ஓட்டிப் பார்த்தீங்களா?"

"வந்ததுமே ஓட்டினேன். அப்பவும் இல்லைன்னுதான் சொல்லுச்சு."

"அதான் விஷயம். அப்போ சர்வர் இல்லைன்னு சொன்னதை உங்க மெஷின் அதோட கேஷ் மெமரியில குறிச்சு வச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் நீங்க எத்தனை தடவை ஓட்டினாலும் அது சர்வர்கிட்ட போகவே இல்லை. பழைய பதிலையே எடுத்து நீட்டிட்டு இருக்கு."

குறித்து வைத்திருந்ததை அழித்தாள். மறுபடி ஓட்டினாள். முணுமுணுக்காமல் ஓடி முடிந்தது.

லீடர் மன்னிப்பு கேட்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அந்த ஆள் நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். லீடர் மெஷின் மேல் பாய்ந்தார்.

"எந்த மடையன் எழுதினான் இதை? ஒரு தடவை இல்லைன்னா ஆயுசுக்கும் இல்லையா? அப்போ நிலைமை வேற, இப்போ நிலைமை வேற. இன்னொரு தடவை வாயைத் திறந்து கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

பின்வரிசைக்காரன் பலமாகத் தலையாட்டினான். லீடர் இருமினாலும் தலையாட்டுகிறவன் அவன்.

சத்தம் கேட்டு மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஓடிடுச்சா? நல்லது. கஸ்டமர் ஊர்ல போய் உட்கார்ந்து இதை வேலை செய்ய வைக்கணுமே, யாரை அனுப்பறீங்க? யார் போறாங்களோ அவங்கதான் அடுத்த டீமுக்கு லீடர்."

அவள் நிமிர்ந்தாள். இந்த ஒரு வாய்ப்புக்காக அவள் காத்துக் கிடப்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், லீடரைத் தவிர.

"நம்ம தம்பியை அனுப்பிடலாம் சார்," என்று லீடர் பின்வரிசையைக் காட்டினார். அது இப்போதும் தலையாட்டியது.

"முக்கால்வாசி எழுதினது இவங்கதானே? இவங்க போகலியா?"

"வெளியூர்னா இவங்க போகமாட்டாங்க சார். நான் கேட்டுட்டேன்."

"எப்போ கேட்டீங்க?"

லீடர் மோவாயைச் சொறிந்தார்.

"அது... பிரசவ லீவு முடிஞ்சு வந்தாங்களே, அப்போ."

அவள் லீடரைப் பார்த்துச் சாவதானமாகச் சொன்னாள்:

"அந்தப் பையன் இப்போ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான் சார். எங்கே அழிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, உங்களுதையும் அழிச்சு விட்டுடறேன்."