தகரத்தை அதிர வைக்கும் பெட்டி

சந்தோ தொமிங்கோவில் காருக்கு சப்-ஊஃபர் பெட்டி வாங்க வருகிறவன் எவனும் கூரைத் தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வருவதில்லை. ரதாமேஸ் வந்தான்.

இரண்டு கட்டைகள்மேல் தகரத்தைப் போட்டு, மூன்று மூலையில் ஆணி அடித்தான். நாலாவது மூலையைச் சும்மா விட்டான்.

"இப்பப் போடுங்கண்ணே."

பெட்டி செய்யும் செனோன், எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டியில் பாட்டைப் போட்டார். சுத்தமான சத்தம். தகரம் அசையவில்லை.

அடுத்து, முன்பக்கம் காற்றுவாய் வைத்த பெட்டி. தகரத்தின் ஓரம் லேசாக முனகியது. அந்தக் காற்றுவாயின் குழலை நீட்டினால் சத்தம் இன்னும் கீழ்ச்சுருதிக்கு இறங்கும் என்பது ரதாமேஸுக்குத் தெரியும். நீட்டச் சொன்னான்.

"ஏண்டா, நீ கார் சத்தப் போட்டிக்குப் போறியா, இல்ல கோழிக்கூடு கட்டப் போறியா?" என்றார் செனோன்.

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை குழலை நீட்டியதும் தகரம் கடகடவென்று துள்ளியது.

அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டான்.

மனைவி நெரெய்தா அவனை வீட்டை விட்டுத் துரத்தி இரண்டு மாதம் ஆகிறது. படுக்கைக்கு மேலே இருந்த தகரத்துக்கு ஓர் ஆணி, அவ்வளவுதான் அவள் கேட்டது. லாரி போனால் கடகடக்கும், மழை வந்தால் ஒழுகும். இரண்டு வருஷமாக நாளைக்கு, நாளைக்கு என்றான். எவன் கார் அதிகம் முழங்கும் என்கிற ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்காகக் காரில் மட்டும் ஒரு திருகு விடாமல் முடுக்கினான்.

"அந்தக் காருக்குள்ளயே குடும்பம் நடத்து, போ!" என்று கதவைச் சாத்தியவள், அதன்பிறகு போனையும் எடுக்கவில்லை.

சரி, தகரம் கூப்பிடட்டும். அது கத்தினால் அவள் எப்படியும் திட்டுவதற்கு வெளியே வருவாள். திட்டி முடிப்பதற்குள் இவன் கூரைமேல் ஏறியிருப்பான். சுத்தியலும் ஆணியும் முன்சீட்டில் தயாராக இருந்தன.

ஞாயிறு சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்திப் பாட்டைப் போட்டான்.

எதிர்வீட்டு ஜன்னல் நடுங்கியது. மளிகைக் கடை வாசலில் டொமினோ ஆடியவர்களின் காய்கள் மேஜையில் நகர, அவர்கள் இவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். நெரெய்தாவின் தகரம் மட்டும் அசையவில்லை.

சத்தத்தை ஏற்றினான். ஊகூம்.

எவனோ வந்து ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறான்.

காரின்மேல் ஏறி நின்று பார்த்தான்.

ஓர் ஆணி கேட்ட இடத்தில் பதினேழு ஆணிகள். ஒன்றுகூட நேராக இல்லை. பாதி ஆணிகள் வளைந்து படுத்துக் கிடந்தன. சுற்றிலும் சுத்தியல் தவறி விழுந்த பள்ளங்கள்.

உயரம் என்றாலே நெரெய்தாவுக்குக் கை நடுங்கும். நாற்காலியில் ஏறி பல்பு மாற்றக்கூட இவனைத்தான் கூப்பிடுவாள். அவளே கூரை ஏறியிருக்கிறாள்.

ரதாமேஸ் கீழே இறங்கிப் பாட்டை நிறுத்தினான். சுத்தியலை எடுக்கவில்லை. வெறும் கையோடு போய்க் கதவைத் தட்டினான்.